வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன்...

அடமானக் கடன், ஓ.டி., கடன் மாற்றம், டாப்-அப்: கையெழுத்துப் போடும் முன் விவசாயக் குடும்பம் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்குகள்

முன்பெல்லாம் கடன் கேட்டு நாம்தான் வங்கிப் படியேறினோம். இப்போது கடன் நம் வாசலுக்கே வருகிறது. உரக்கடையிலும் பால் சொசைட்டி வாசலிலும் நோட்டீஸ் கொடுக்கிறார்கள். 'வீட்டுப் பத்திரம் இருந்தால் போதும், 10 லட்சம் வரை கடன். ஏற்கெனவே கடன் இருக்கிறதா? எங்களிடம் மாற்றுங்கள். தவணையும் குறையும், கையிலும் பணம் கிடைக்கும்' என்கிறார்கள்.

வயல் ஆய்வுக்குப் போகும் இடங்களில் பூச்சி, நோய் பற்றிய கேள்விகளுக்கு அடுத்தபடியாக இப்போது என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான்: "சார், வீட்டை வெச்சு வாங்கலாமா?" வாங்கவே கூடாது என்று சொல்ல முடியாது. ஆனால், எந்தத் தேவைக்கு, எந்தக் கணக்கில், எந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு வாங்குகிறோம் என்பதில்தான் வீடு நிற்பதும் போவதும் இருக்கிறது.

சட்டம் கொடுத்த பாதுகாப்பை நாமே கழற்றுகிறோம்

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு, விவசாயி குடியிருக்கும் வீட்டையும், உழவுக் கருவிகள், மாடுகள், விதை நெல் போன்றவற்றையும் சாதாரணக் கடனுக்காக ஜப்தி செய்வதிலிருந்து காப்பாற்றுகிறது. கைமாற்றுக் கடன் வாங்கியவர் கட்ட முடியாமல் போனாலும், அவர் குடியிருக்கும் வீட்டின் மேல் எளிதில் கைவைக்க முடியாது.

அதே வீட்டின் பத்திரத்தை நாமே கொண்டுபோய் வங்கியில் ஒப்படைத்து அடமானம் எழுதிக் கொடுத்தால், அந்தப் பாதுகாப்பு அந்தக் கடனுக்குப் பயன்படாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வருமானம் ஒரு காலம், தவணை ஒரு காலம்

வீட்டு அடமானக் கடனின் முதல் சிக்கல் வட்டி விகிதம்கூட இல்லை, நாட்கணக்குதான். குறுவை நெல் வீடு வர ஏறக்குறைய 4 மாதம். மஞ்சளுக்கு 8, 9 மாதம். வாழைக்கும் கரும்புக்கும் ஏறக்குறைய ஒரு வருடம். ஆனால் அடமானக் கடனின் தவணையோ மாதாமாதம் குறிப்பிட்ட தேதியில் கணக்கிலிருந்து எடுக்கப்படும். மாதச் சம்பளக்காரருக்காகச் செய்த சட்டை அது.

பயிர்க் கடனில் குறுகிய காலப் பயிர் என்றால், கெடு முடிந்து இரண்டு பயிர்ப் பருவம் நிலுவையில் இருந்தால்தான் அது வாராக் கடன் ஆகும். ஓராண்டுக்கு மேற்பட்ட பயிர்களுக்கு ஒரு பருவம். வீட்டு அடமானக் கடனுக்கோ 90 நாள்தான் கணக்கு. வெள்ளத்தில் பயிர் போனது, விலை சரிந்தது என்று சொன்னாலும் அந்த 90 நாள் நிற்காது.

இன்னொன்று. வீட்டை அடமானம் வைத்து வாங்கிய பணத்தை முழுக்க வயலிலேயே போட்டிருந்தாலும், வங்கிக் கணக்கில் அது பயிர்க் கடன் ஆகிவிடாது. 33 சதவீதத்துக்கு மேல் பயிர் சேதம் என்று அறிவிக்கும்போது பயிர்க் கடனுக்குக் கிடைக்கும் தவணை மாற்றத்தை இதற்கு எதிர்பார்க்க முடியாது. 2021-ல் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்தபோது, வீட்டை வைத்து விவசாயம் பார்த்தவருக்கு அந்தக் கடனில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

'தவணை குறையும்' என்ற பேச்சின் உள்ளே இருக்கும் கணக்கு

ஒரு உதாரணம். ஒரு விவசாயி வீட்டை வைத்து 10 லட்சம் ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார். வட்டி 12 சதவீதம், காலம் 10 வருடம். மாதத் தவணை 14,347 ரூபாய். 4 வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டார். இப்போது பாக்கி அசல் சுமார் 7 லட்சத்து 34 ஆயிரம். இன்னும் 72 தவணை கட்டினால் கடன் முடியும். அதற்கு மொத்தம் 10 லட்சத்து 33 ஆயிரம் ஆகும்.

இந்த நேரத்தில் வேறொரு நிறுவனத்தின் ஏஜென்ட் வருகிறார். "வட்டி 11 சதவீதம்தான். 15 வருடத்துக்குப் போட்டுத் தருகிறேன். தவணை 8,343 ரூபாய்" என்கிறார். மாதம் 6,000 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஆனால் 180 மாதத்துக்கு 8,343 வீதம் பெருக்கிப் பாருங்கள்: 15 லட்சத்து 1,740 ரூபாய். வட்டி ஒரு சதவீதம் குறைந்தும், கையை விட்டுப் போகும் பணம் சுமார் 4 லட்சத்து 69 ஆயிரம் கூடுதல். காரணம், 6 வருடத்தில் முடிய வேண்டிய கடனை 15 வருடத்துக்கு இழுத்ததுதான்.

காலத்தை மாற்றாமல், அதே 72 மாதத்துக்கு 11 சதவீதத்தில் மாற்றியிருந்தால்? தவணை 13,971 ரூபாய். மாதம் 376 ரூபாய் குறையும். 6 வருடத்தில் மொத்தம் 27,000 ரூபாய் மிச்சம். அதிலிருந்து புதிய நிறுவனத்தின் செயலாக்கக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., வக்கீல் லீகல் கட்டணம், மதிப்பீட்டாளர் கட்டணம், பத்திர ஒப்படைப்புப் பதிவுக்கான முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். கடன் மாற்றம் லாபமா என்று பார்க்க ஒரே வழி இதுதான்: மீதி இருக்கும் மாதங்களை மாற்றாமல் கணக்குப் போட வேண்டும்.

டாப்-அப் என்னும் தூண்டில்

அதே ஏஜென்ட் இன்னொரு படி மேலே போவார். "பழைய பாக்கி 7,34,000-ஐ நாங்கள் அடைத்துவிடுகிறோம். மேலே 4 லட்சம் கையில் தருகிறோம். அப்படியும் தவணை 12,889 தான். இப்போது கட்டுவதைவிடக் குறைவு!" கேட்பதற்கு மாயம் போல இருக்கும்.

12,889 ரூபாயை 180 மாதத்துக்குப் பெருக்கினால் 23 லட்சத்து 20 ஆயிரம். பழைய கடனை அப்படியே கட்டி முடித்திருந்தால் 10 லட்சத்து 33 ஆயிரம். ஆக, கையில் வாங்கிய 4 லட்சத்துக்காக 15 வருடத்தில் கூடுதலாகக் கட்டப்போவது 12 லட்சத்து 87 ஆயிரம். அந்த 4 லட்சம் ஒரு கல்யாணத்திலோ, தண்ணீர் வராத போர்வெல்லிலோ போய்விட்டால், வருமானம் தராத செலவுக்கு 15 வருடம் வீடு பிணையாக நிற்கும்.

ஓ.டி. கணக்கு: வசதியும் வலையும்

வீட்டின் மேல் ஒரு வரம்பு போட்டுக் கொடுத்து, வேண்டும்போது எடுத்து, வரும்போது கட்டும் முறைக்கு ஓவர்டிராஃப்ட், சுருக்கமாக ஓ.டி. என்று பெயர். எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி. நம் வருமானத்துக்குப் பொருந்துவது போலத் தெரியும். அறுவடைப் பணத்தை உடனே கணக்கில் போட்டு அசலைக் குறைப்பவருக்கு உண்மையிலேயே பொருந்தும்.

ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. 5 லட்சம் வரம்பை முழுவதும் எடுத்துவிட்டு, மாதம் 5,000 ரூபாய் வட்டி மட்டும் கட்டிக்கொண்டே இருப்பார்கள். 12 சதவீதத்தில் 5 வருடம் அப்படிக் கட்டினால் வட்டி மட்டும் 3 லட்சம் போயிருக்கும். அசல் 5 லட்சம் அப்படியே இருக்கும். கணக்கை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. வரம்பை மாதாமாதம் குறைத்துக்கொண்டே வரும் ஓ.டி. வகையும் உண்டு. எது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதே மாதிரி எடுத்துக் கட்டும் வசதி நமக்கென்றே ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் 1998-ல் வந்த கிசான் கடன் அட்டை. 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி. கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் ஊக்கத் தொகை போக 4 சதவீதம்தான். தமிழகத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் வரை விவசாயக் கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஒரு லட்சத்துக்கு வருடம் 4,000 ரூபாய் வட்டியில் முடிய வேண்டிய பயிர்ச் செலவுக்கு, 12,000 ரூபாய் வட்டியும் கொடுத்து வீட்டையும் ஏன் வைக்க வேண்டும்?

கட்ட முடியாமல் போனால் என்ன நடக்கும்?

2002-ம் ஆண்டு வந்த சர்ஃபேசி சட்டப்படி, வங்கி நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே அடமான வீட்டை எடுத்து விற்கலாம். நடைமுறை இப்படி:

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானதும் கடன் வாராக் கடன் ஆகும். அதன் பிறகு முழுப் பாக்கியையும் 60 நாளுக்குள் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். அதற்கு நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். 60 நாள் முடிந்ததும் வங்கி சொத்தைச் சுவாதீனம் எடுக்க நடவடிக்கை எடுக்கும். மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவரின் உத்தரவு பெற்று ஆளை வெளியேற்றவும் முடியும். இதை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழகத்தில் சென்னை, கோவை, மதுரையில் தீர்ப்பாயங்கள் உள்ளன. முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான்.

ஆகவே, நோட்டீஸ் வந்தால் தபால்காரரைத் திருப்பி அனுப்புவதோ, பரண் மேல் போடுவதோ கூடாது. வாங்கி, தேதி எழுதி வைத்து, எழுத்தில் பதில் கொடுங்கள். வங்கியில் ஒரே தவணைத் தீர்வு உண்டா என்று கேளுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்ப்பதில்லை. உதவி எண் 15100.

கையெழுத்துக்கு முன் கேட்டு வாங்க வேண்டியவை

*முக்கிய உண்மைகள் அறிக்கை:* 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் தவணைக் கடன்களுக்கு இந்த அறிக்கையைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். வட்டியோடு எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு மொத்தச் செலவு விகிதம் அதில் இருக்கும். யோசிக்கக் குறைந்தது 3 வேலை நாள் அவகாசமும் உண்டு. 'இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்த வட்டி' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

*வட்டி எந்த முறை:* '8 சதவீதம் ஃப்ளாட்' என்றால் 5 வருடக் கடனில் அது குறைந்துவரும் அசலில் சுமார் 14 சதவீதத்துக்குச் சமம். மிதக்கும் வட்டி என்றால், வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று உங்களைக் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ல் சொல்லியிருக்கிறது.

*கடனின் நோக்கம்:* சொந்தத் தேவைக்குத் தனிநபர் வாங்கிய மிதக்கும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதக் கட்டணம் கிடையாது. ஆனால் பல அடமானக் கடன்களில் நம்மைக் கேட்காமலேயே 'தொழில் தேவைக்கு' என்று எழுதிவிடுகிறார்கள். அப்போது கட்டணம் வரக்கூடும். விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

*காப்பீடு:* கடனோடு சேர்த்து ஒரே பிரீமியமாக ஆயுள் காப்பீட்டைப் போட்டு, அந்தப் பிரீமியத்தையும் கடனிலேயே ஏற்றிவிடுவார்கள். குடும்பத்துக்கு அது பயன்படலாம். ஆனால் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு என்று தெரிந்துகொண்டு, வேண்டுமென்றால் மட்டும் எடுங்கள்.

*வெற்றுக் காகிதம்:* நிரப்பாத படிவத்திலும் தொகை எழுதாத காசோலையிலும் கையெழுத்துப் போடவே கூடாது.

எப்போது வைக்கலாம்?

நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். அப்படிப்பட்ட கடனில் சிக்கியவர், 12 சதவீத வங்கிக் கடனுக்கு மாறுவது நியாயமான முடிவுதான். ஆனால் மூன்று நிபந்தனைகள். பழைய கடனை அன்றே அடைத்து புரோநோட்டைத் திரும்ப வாங்க வேண்டும். தவணையைக் கட்ட பால், தென்னை, சம்பளம் போன்ற அடிக்கடி வரும் வருமானம் ஒன்றாவது வீட்டில் இருக்க வேண்டும். மறுபடி கைமாற்று வாங்கக் கூடாது. மூன்றாவது முடியாதென்றால், ஒரு கடன் இரண்டு கடனாகிவிடும்.

மற்றத் தேவைகளுக்கு முதலில் வேறு கதவுகளைத் தட்டுங்கள். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கு 4 லட்சம் வரை பிணையில்லாமல் கல்விக் கடன் கேட்கலாம். சில மாதத்தில் திருப்பக்கூடிய தேவை என்றால் நகைக் கடன் போதும். நகை போனால் நகையோடு போகும். குடும்பம் தெருவுக்கு வராது.

வாசகர் கேள்விகள்

நஞ்சை நிலத்தை அடமானம் வைத்திருக்கிறேன். அதையும் இப்படி ஏலம் விடுவார்களா?

சர்ஃபேசி சட்டத்தின் 31-வது பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் பதிவேட்டில் நஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது, உண்மையில் அங்கே சாகுபடி நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே அடங்கலில் பயிர் விவரம் ஆண்டுதோறும் பதிவாகிறதா என்று பாருங்கள். விலக்கு இருப்பதால் கடன் மறைந்துவிடாது; வங்கி வழக்குத் தொடுத்து வசூலிக்கலாம்.

கடனை அடைத்து மூன்று மாதம் ஆகிறது. பத்திரத்தைத் தராமல் இழுக்கிறார்கள்.

கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தந்து, பதிவுகளையும் நீக்க வேண்டும். தாமதம் அவர்களால் என்றால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறை. எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. பத்திரம் கைக்கு வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிந்து, புதிய வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். கடன் மாற்றியவர்கள் பழைய வங்கியின் அடமானம் நீங்கியிருக்கிறதா என்று அவசியம் பார்க்க வேண்டும். இல்லையென்றால், பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போதுதான் தெரியவரும்.

அண்ணன் கடனுக்கு நானும் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். சாட்சிக்குத்தானே?

எந்த இடத்தில் கையெழுத்து என்று பாருங்கள். ஜாமீன்தாரர் என்றால், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் உங்களுக்கும் உண்டு. இணைக் கடன்தாரர் என்றால் அந்தக் கடனே உங்களுடையதும்தான். பாகம் பிரிக்காத வீடு என்றால், உங்கள் பங்கும் சேர்ந்து அடமானம் போகிறது. முடிந்தால் முதலில் பாகப்பிரிவினையைப் பதிந்துவிடுங்கள்.

கணவர் இறந்துவிட்டார். வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் கடனோடு காப்பீடு எடுத்திருந்தாரா என்று வங்கியில் எழுத்தில் கேளுங்கள். இருந்தால் இறப்புச் சான்றுடன் உடனே கோரிக்கை கொடுங்கள். இல்லையென்றால், வாரிசுகள் தங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. ஆனால் அடமானம் வீட்டைத் தொடரும். வீடு நிலைக்க வேண்டுமானால் தவணையை விடாமல், காலத்தை மாற்றித் தரச் சொல்லி வங்கியிடம் மனுக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. அடமானப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், இந்த உதாரணங்களைப் போல உங்கள் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: கையில் வருவது எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம், பெருக்கினால் மொத்தம் எவ்வளவு, மழை பொய்த்த வருடத்தில் அந்தத் தவணை எங்கிருந்து வரும். அந்த நோட்டை வீட்டுப் பெண்களிடமும் படித்துக் காட்டுங்கள். கடைசிக் கேள்விக்கு வீட்டில் யாரிடமும் பதில் இல்லையென்றால், பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.